கால்வின் மறுபடி ஏறிய குன்று

கென்டக்கி
4 டிசம்பர் 1967

சார்ஜண்ட் டாகெட் அவர்களுக்கு,

உங்கள் பாராசூட் படையில் இருந்த கால்வின் மேபரியின் தாய் எழுதுவது. நீங்கள் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வியட்நாமில் படை ஒரு குன்றை விட்டு இறங்கியபோது கால்வின் காணாமல் போனதாகத் தந்தி வந்திருக்கிறது. காணாமல் போக அவன் என்ன குடையா? பாதிரியார் வந்து, "நினைவுக் கூட்டம் வெச்சிடலாமா லொரீனா?" என்றார். "பையனைக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் அழறேன்" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நிலக்கரிச் சுரங்கம் சரிந்து என் கணவர் புதைந்தபோது, கூட வேலை செய்தவர்கள் அவர் உடலைத் தோண்டி எடுக்காமல் மேலே வரவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. நீங்கள் மட்டும் ஏன் என் பிள்ளையை விட்டுவிட்டு இறங்கினீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
லொரீனா மேபரி


வியட்நாம் மலைக்காடு
17 டிசம்பர்

அன்புள்ள அம்மா,

மழுப்பவில்லை. விமானத்திலிருந்து குதிக்கும் முன் ஒவ்வொருவனும் முன்னால் நிற்பவனின் பாராசூட் பட்டைகளைச் சரிபார்த்து முதுகில் தட்டுவான். கடைசி ஆளிடமிருந்து அது தொடங்கும். இந்தக் காட்டில் குதிக்க இடமில்லை. ஹெலிகாப்டரில் இறங்கி நடக்கிறோம். ஆனாலும் தட்டும் பழக்கம் எங்களை விடவில்லை. பின்னாலிருந்து தட்டு வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நம்பிப் புறப்படுவோம்.

அன்று நாங்கள் இருந்த குன்றை எதிரிகள் மூன்று பக்கமும் சூழ்ந்தார்கள். இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மூங்கில் எரிந்த புகையில் கண் தெரியவில்லை. கடைசி ஆள் கால்வின், அவனுக்கு முன்னால் நான். முதுகில் தட்டி, "எல்லாம் சரி சார்ஜண்ட், நடங்க" என்றான். நடந்தேன். அடிவாரத்தில் பார்த்தால் அவன் இல்லை. எங்கள் மருத்துவ வீரன் ரூபன் ஒலிவாஸும் இல்லை. ரூபன் மேலே அடிபட்டுக் கிடந்ததைக் கால்வின் பார்த்திருக்க வேண்டும். என்னைத் தட்டி அனுப்பிவிட்டு அவன் மறுபடி மேலே ஏறியிருக்கிறான்.

இம்மாதம் நான் ஊர் திரும்ப வேண்டிய முறை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குன்றை மறுபடி பிடிக்கப் போகிறோம். அவன் இல்லாமல் வரமாட்டேன்.

எல்மர் டாகெட்


கென்டக்கி
3 ஜனவரி 1968

எல்மர்,

முன்பு கடுகடுத்து எழுதினேன், மனதில் வைக்காதே. உன் மனைவி போன் செய்தாள். "அவரு வரமாட்டேங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்று அழுதாள்.

பெற்றவள் நானே சொல்கிறேன், கிளம்பி வா. ஒரு பிணத்துக்காக இன்னொரு பிணம் வேண்டாம். பிணம் என்று எழுதிவிட்டேன் பார். இதுவரை வாயால்கூடச் சொன்னதில்லை.

லொரீனா


வியட்நாம்
24 ஜனவரி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் குன்றின் மேல் இருந்தேன். பல நாள் சண்டைக்குப் பிறகு குன்று கிடைத்தது. ஒரு மரத்தடியில் இருவரும் சேர்ந்து கிடந்தார்கள். ரூபனின் தொடைக் காயத்தைக் கால்வின் தன் சட்டைக் கையைக் கிழித்துக் கட்டியிருந்தான். ஹெலிகாப்டருக்குக் காத்திராமல் நாங்களே தோளில் சுமந்து இறக்கினோம்.

கால்வினின் சவப்பெட்டியோடு நானும் வருகிறேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன் அம்மா. கேட்டால் நீங்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

எல்மர்


கென்டக்கி
20 பிப்ரவரி

அன்பு மகன் எல்மருக்கு,

அடக்கம் முடிந்ததும் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். உன் பங்குக் கோழியையும் பாதிரியாரே தின்றார்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வீட்டில் நான் தொண்டை கிழியக் கூப்பிட்டே வராதவன், நீ கூப்பிட்டிருந்தால் மட்டும் இறங்கி வந்திருப்பானா? உன்னையும் மேலே இழுத்துக்கொண்டு போயிருப்பான். நீ உயிரோடு உன் வீட்டில் இருக்கிறாய். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.

ரூபனின் தாய் விலாசத்தை உடனே அனுப்பு. படையிலிருந்து எவரும் அவளுக்கு எழுத வேண்டாம், நீயும் வேண்டாம். அவள் மகன் தனியாகச் சாகவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியவள் நான்.

லொரீனா