புளிய மரத்து ஆணி

பெரம்பலூர். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

வேப்பந்தட்டையிலிருந்து மனைவியின் தம்பி சாயங்காலம் வந்திருந்தான். பாப்பாவின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை நின்று பார்த்தான். அவன் கொடுத்த புளிய மரப் பலகையில்தான் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி செதுக்கு மெஷினை வைத்து அவள் பெயரைச் செதுக்கினேன்.

“நல்லா வந்துருக்கு மாமா. உள்ள ஆணி எதுவும் தட்டுப்படலையே?”

“ஏன் கேக்குற?”

“பக்கத்துக் காட்டுக்காரங்க பொண்ணுக்குப் பேய் ஓட்டுனப்ப, அந்தப் பொண்ணு தலமுடிய வச்சு அந்த மரத்துலதான் ஆணி அடிச்சுப் பேயக் கட்டுனாங்க. அந்தப் பக்கத்த விட்டுட்டுத்தான் அறுக்கச் சொன்னேன்.”

“ஒன்னும் இல்ல மாப்ள” என்றேன். காபி கொண்டுவந்த மனைவி என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை செதுக்கும்போது மெஷினின் வெட்டுமுனை எதிலோ மோதி உடைந்தது. குறடு போட்டு இழுத்தேன். விரல் நீளத்துக்கு ஓர் ஆணி வந்தது. அதில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. மரத்து நார் என்று ஊதிவிட்டேன். நல்ல கெட்டியான ஆணி என்று தட்டி நிமிர்த்தி, பலகையை மாட்ட அதையே சுவரில் அடித்தேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மைத்துனன் போன பிறகு மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் பாப்பாவை எங்கள் அறைக்குத் தூக்கி வந்து பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

சற்று முன் குறடோடு போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். பிடுங்குவது ஒரு நிமிட வேலைதான். பிடுங்கி எங்கே அடிப்பது என்றுதான் தெரியவில்லை.