அவர்கள் விட்டுக்கொடுத்த மஞ்சள்

என் அன்பான அவருக்கு,

தினமும் உங்களை நினைத்து விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் கடவுள் புண்ணியத்தில் நலம்.

இந்த நாட்டோடு வர்த்தகப் பேச்சுக்கு வந்த நம் நாட்டு அதிகாரிகள், நான் சமைக்கும் விடுதியில்தான் தங்கியிருக்கிறார்கள். முந்தாநாள் டீ கொடுக்கும்போது சின்ன அதிகாரி கேட்டார்: "இவங்க ஊரு வைன் பேருக்கு இருக்கிற பாதுகாப்பு நம்ம மஞ்சள் பேருக்கும் வேணும்னு கடைசிவரை நிப்போம்னீங்களே சார்?"

"நின்னோம்யா. நம்ம துணிக்கு வரியைக் குறைச்சாங்க, உக்காந்துட்டோம்" என்றார் பெரியவர். இருவரும் சிரித்தார்கள்.

இனி எங்கோ விளைந்த மஞ்சளை எவனும் நம் ஊர்ப் பெயரோடு 'வகை' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அச்சடித்து விற்கலாமாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது எங்க ஊரு மஞ்சள் சார்" என்றேன்.

"அப்படியாம்மா? அப்ப நாளைக்குச் சமையல்ல தூக்கலாவே போடுங்க."

போட்டேன். ருசித்துச் சாப்பிட்டார்கள்.

ஊர்ப் பெயருக்குக் காவல் வந்துவிடும் என்று நம்பித்தானே, மஞ்சள் விவசாயிகள் சங்கத்துக் கிடங்குக்கு நம் பாதி வயலை எழுதிக்கொடுக்கப் போகிறீர்கள்? பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்று சங்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும், கையெழுத்துப் போடாதீர்கள்.

சாமி படத்துக்கு நம் மஞ்சள் ஒரு கிழங்கு அனுப்புங்கள். கழுவ வேண்டாம், மண்ணோடே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறார்கள். அவர்களுக்குப் பரிமாறப் போகிறேன்.

உங்கள் மனைவி