திரும்பி வந்த தண்ணீர்

சனி, இரவு.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புதுக் கழிவுநீர்க் கால்வாயில் இன்று தண்ணீர் விட்டார்கள். பாதி தூரம் போய், ஆலைப் பக்கமே திரும்பி வந்தது. போன வாரம் அதற்கு மட்டம் பார்த்தவன் நான். அன்று, துண்டு துண்டாக இழுத்து நீட்டும் அளவுகோலைப் பிடித்த பழனியம்மா அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

“மேல்துண்டு லாக் ஆகாம எறங்குதுன்னு அன்னைக்கே சொன்னனுங்க சார். பேசாம நேரா புடின்னீங்க.”

உண்மைதான். அளந்து முடித்ததும், தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வந்து அளவு ஒத்துப்போகிறதா என்று நான் சரிபார்க்கவும் இல்லை. என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இன்ஜினியர் கேட்டபோது, “கோல் புடிச்சவங்க தப்புங்க சார்” என்றேன்.

“நாளைல இருந்து அந்தம்மா வேண்டாம்” என்றுவிட்டார்.

அக்கா கோலின் சேற்றைத் துடைத்து, உறையில் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்ஜினியரைக் கூப்பிட நாலு முறை போனை எடுத்தேன். தூங்கியிருப்பார் என்று வைத்துவிட்டேன். முதல் முறை எடுத்தபோது மணி எட்டுதான்.