பிரேக் மிதிக்க ஆள் தேவை

வெய்க்கோ,

சர்ச்சில் பாஸ்டி விற்பனை, போகிறேன். கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி உனக்கு இரண்டு எடுத்து அடுப்புக்குள் வைத்திருக்கிறேன். கெட்சப் மேல் தட்டில்.

புது பிரேக் குழாயை மாட்டி முடித்துவிட்டாய். நீ சொல்லமாட்டாய் என்றுதான் காருக்கடியில் குனிந்து பார்த்தேன். அழகாக இருக்கிறது. பழையதைத் துருப்பிடிக்க வைத்த, சாலையில் பனிக்குக் கொட்டும் உப்பு இனி இதை ஒன்றும் செய்யாது.

வியாழக்கிழமை நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "குழாய் வாயை விரிக்கிறதுக்கு முன்னாடி நட்டை உள்ள கோத்துட்டியா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றாய்.

வாய் வட்டம் பிசகாமல் விரிந்தது. நட்டு உன் சட்டைப் பையில் இருந்தது; விரிந்த வாயைத் தாண்டி இனி அது உள்ளே ஏறாது. நான் சிரித்தது தப்புதான். படியில் உட்கார்ந்து சிரித்தது இன்னும் தப்பு. அன்றிலிருந்து நீ பேசவில்லை. நானும் முதலில் பேசுவதாக இல்லை. இந்தச் சீட்டு பேச்சில் சேராது.

ஆனால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றாமல் நாளை பேத்தியைப் பார்க்கப் போக முடியாது. ஒருத்தர் உள்ளே மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூட வேண்டும். நாலு மணிக்கு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்காருவேன். கீழேயிருந்து நீ "மிதி" என்று வாய் திறந்து சொல்லாமல் என் கால் அசையாது.

ஐலா

சானா நீராவிக் குளியலுக்கு அடுப்பில் விறகு அடுக்கிவிட்டேன். ஒழுங்காகப் பேசினால் முதுகு தேய்த்துவிடுவேன்.

பக்கத்து வீட்டு ஊர்ஹோவை மிதிக்கக் கூப்பிடலாம் என்று நினைக்காதே. காலையிலேயே புளூபெர்ரி கேக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்குப் பூராவும் அவனுக்கு முழங்கால் வலி.