சத்து மாத்திரை

காஞ்சிபுரம்
16-6-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

குழலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். தங்களுக்கு இருமல் குறைந்திருப்பதாக அப்பா வந்து சொன்னார். சானடோரியத்துக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதால்தான் நான் வரவில்லை. வர விருப்பம் இல்லாமல் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதல் பெஞ்சில் இடம். கடிதம் எழுதும் முறையைத் தமிழாசிரியை சொல்லிக் கொடுத்தார். அதன்படிதான் இதை எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பிய சத்து மாத்திரை, பல்பொடி டப்பாவில் வந்து சேர்ந்தது. அத்தை கண்ணில் படாமல் அப்பா என் கையில் கொடுத்தார். அங்கிருந்து வரும் எதைப் பார்த்தாலும் அத்தைக்குப் பயம். தங்கள் கடிதத்தையே முற்றத்து வெயிலில் போட்டு, பறக்காமல் குழவிக்கல்லை மேலே வைத்து, பிறகுதான் தருவார். நான் படிக்கும்போது காகிதம் சுடச்சுட இருக்கும்.

காலையில் சாப்பிட்டவுடன் ஒரு மாத்திரை விழுங்குகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. அடுப்பங்கரைக் கதவு நிலையில் அப்பா கரியால் கோடு போட்டு என் உயரத்தைப் பார்த்தார். பொங்கலுக்குப் போட்ட கோட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறேன். "உங்கம்மா மாத்திரை வேலை செய்யுதும்மா" என்றார்.

கருடசேவைக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டேன். "காலு எங்க இருக்குதுன்னுகூடத் தெரியாமலா பெருமாளைப் பாத்துக்கினு இருந்தே?" என்று அத்தை கேட்டார்.

தங்கள் அன்பு மகள்,
மா. ஏலவார்குழலி


பெண்கள் வார்டு, சானடோரியம்
25-6-1968

கண்ணு குழலிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. தாங்கள், தங்கள் என்றெல்லாம் எழுதாதே. தாசில்தாருக்கு மனு எழுதியதுபோல் இருக்கிறது. என் பிள்ளை எழுதியதுதானா என்று கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். எப்போதும்போல நீ என்றே எழுது.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. இங்கே கை நிறையக் கொடுக்கிறார்கள். நோய்க்கு உள்ளதை நர்ஸ் நின்று பார்த்து விழுங்க வைப்பாள். இந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை, "இது சத்துக்கும்மா, சாப்ட்டுடு" என்று கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். படுத்தே கிடக்கிறவளுக்குச் சத்து எதற்கு? வளர்கிற பிள்ளை நீ. போன முறை ஒரு வேகவைத்த முட்டையும் அப்பாவிடம் கொடுத்தனுப்பினேனே, வந்ததா? அவர் வழியிலேயே தின்றிருப்பார்.

இருமல் நின்றுவிட்டது. எடை ஏறுகிறது. பாதம் மட்டும் எரிகிறது, வெயிலில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றினாற்போல. சூடு உடம்பு, வேறொன்றும் இல்லை.

மேட்டுத் தெரு நெசவு வீட்டில் பாவு பிணைக்க இப்போது யார் வருகிறார்கள்? தறியில் இருக்கும் பழைய இழையையும் புது இழையையும் நுனியோடு நுனி வைத்து விரலால் முறுக்குவது எல்லோருக்கும் கூடி வராது. பட்டு இழை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன் என்று அப்பாவை அங்கே சொல்லிவைக்கச் சொல்.

உன் அம்மா,
தில்லையம்மாள்


காஞ்சிபுரம்
18-8-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னபடி நீ என்றே எழுதுகிறேன். முட்டை வரவில்லை. பஸ்ஸில் நாற ஆரம்பித்ததால் வாலாஜாபாத்தில் நாய்க்குப் போட்டுவிட்டதாக அப்பா சொல்கிறார். அத்தை, "எந்த நாய்னு கேளும்மா" என்றார். அப்பா சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

மாதப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் நான்தான் முதல். ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தேன். போன வருஷம் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் நான். எல்லாம் உன் மாத்திரையால்தான் என்று பக்கத்தில் உட்காரும் பெரியநாயகியிடம் சொன்னேன். அவளும் ஒன்று கேட்டாள். கொடுக்கவில்லை.

இன்னும் பாதம் எரிகிறதா? அத்தை மருதாணி அரைத்துப் பூசச் சொல்கிறார். நூலகத்தில் உடலைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்தேன். தலையிலிருந்து கால் விரல் வரை நரம்பு ஓடுகிறதாம். படத்தைப் பார்த்தால் நீட்டி வைத்த பாவு மாதிரியே இருக்கிறது. எரிச்சல் ஏன் வருகிறது என்று அதில் போடவில்லை. வேறு புத்தகம் கேட்டிருக்கிறேன்.

டப்பா காலியாகப் போகிறது. முடிந்தால் அப்பாவிடம் இன்னும் கொடுத்தனுப்பு.

உன் அன்பு மகள்,
குழலி


பெண்கள் வார்டு
22-9-1968

கண்ணு குழலிக்கு,

இதை எழுதுவது நான் இல்லை. பக்கத்துப் படுக்கை ஜுலைகா எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஆற்காட்டுப் பெண், நல்ல கையெழுத்து. "அக்கா, நீ திட்டினாலும் அப்படியே எழுதிடுவேன், பாத்துப் பேசு" என்கிறாள். இதையும் எழுதிவிட்டாள்.

என் விரலில் பேனா நிற்பதில்லை. பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன், கீழே கிடக்கும். பாத எரிச்சல் நின்றுவிட்டது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பாதமே தெரியவில்லை. போன வாரம் குளிக்குமிடத்துக்குப் போனபோது செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. நான் போட்டிருப்பதாக எண்ணி ஈரத்தில் நடந்திருக்கிறேன். வார்டே சிரித்தது. நேற்று கஞ்சி காலில் கொட்டிவிட்டது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் கொட்டியதே தெரிந்தது. வலி இல்லை, பயப்படாதே.

டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு விடும் நாளைத் தள்ளிப்போடுவார். இங்கிருந்து போய்விட்டால் தானாகச் சரியாகும்.

மாத்திரை கேட்டாயே, அப்பாவிடம் டப்பா நிறையக் கொடுத்திருக்கிறேன். நீ ஓட்டத்தில் வந்ததை வார்டு முழுக்கச் சொன்னேன்.

உன் அம்மா


காஞ்சிபுரம்
6-10-1968

அம்மா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெரு மருந்துக் கடைக்குப் போனேன். மரத்துப் போன பாதத்துக்கு மருந்து இருந்தால் வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தேன். நசீருதீன் பாய் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டி.பி. மாத்திரை சாப்ட்டுக்கினு இருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அந்த மாத்திரை சில பேருக்கு நரம்பைக் கெடுக்கும்மா. அதுக்குத்தான் கூடவே ஒரு வைட்டமின் குடுப்பாங்க. பி-ஆறுன்னு பேரு. சின்னதா வெள்ளையா இருக்கும். அதச் சாப்பிடுறாங்களான்னு கேளு."

என் புத்தகப் பையில் டப்பா இருந்தது. திறந்து மேசைமேல் வைத்தேன். அவர் ஒரு மாத்திரையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இதேதான்" என்றார். பிறகு, "உனக்கு யாரும்மா குடுத்தது?" என்று கேட்டார்.

"அம்மாதான். நான் வளர்றதுக்கு."

"வளர்றது வயசும்மா. நீ நல்லா இருக்குற பொண்ணு, உனக்கு எதுக்கு இது? உடம்பு எடுத்துக்கினது போக மிச்சமெல்லாம் ஒண்ணுக்குல போயிடும்."

அம்மாவுக்குத் திரும்ப உணர்வு வருமா என்று கேட்டேன். "சீக்கிரம் ஆரம்பிச்சா கொஞ்சம் கொஞ்சமா வரும். முழுக்க வருமான்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்றேனா என்று நினைவில்லை.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் நீ இன்னும் அனுப்புவாய். மாத்திரையால் வளர்ந்தேன் என்று எழுதியது நான். இன்னும் வேண்டும் என்று கேட்டதும் நான். அதனால் இதையும் நான்தான் எழுதவேண்டும். அம்மா, நீ கொடுத்தது எதுவும் என்னிடம் தங்கவில்லை. உயரம் தானாக வந்தது. மார்க் படித்ததால் வந்தது. உன் மாத்திரை எனக்கு ஒன்றுமே செய்யவில்லை.

கதவு நிலையில் இருந்த கரிக்கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மிச்ச மாத்திரையை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லமாட்டாய்.

குழலி


பெண்கள் வார்டு
20-10-1968

குழலிக்கு,

ஜுலைகா கையால் அம்மா எழுதுவது.

அப்பா டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்போது அந்த மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். அதுவும் நர்ஸ் முன்னால்தான். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்க்கிறாள். சின்ன வயதில் உனக்கு விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு நான் பார்ப்பேனே, அதுபோல.

நோய்க்கு உள்ளதை நான் ஒருநாளும் விட்டதில்லை. சத்துக்கு உள்ளதைத்தான் உனக்கு எடுத்து வைத்தேன். தட்டில் நல்லதாக ஒன்று இருந்தால் பிள்ளை பக்கம் தள்ளுவது புது வழக்கமா? என் அம்மா எனக்குத் தள்ளினாள். அது தப்பு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உன் கடிதத்தை ஜுலைகா படித்துக் காட்டினாள். ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். படி என்றேன். படித்தாள். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. காலில் கஞ்சி கொட்டியபோது இருந்ததுபோலத்தான் இருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

உனக்குப் பரீட்சை வரும். படிப்பைப் பார். எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அம்மா


காஞ்சிபுரம்
19-1-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதினேன். ஐப்பசியில் எழுதியதற்கும் கார்த்திகையில் எழுதியதற்கும் பதில் இல்லை. அப்பாவைக் கேட்டால், "நல்லாதாம்மா இருக்குறா" என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரி செய்கிறார். இப்போது வெயிலில் போட அத்தைக்குக் கடிதம் எதுவும் இல்லை. குழவிக்கல் அம்மியிலேயே இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு ஜோடி செருப்பு கொடுத்தனுப்புகிறேன். குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது. கழன்று விழாது. கேட்டிருந்த புத்தகம் கிடைத்தது. பாதத்தில் உணர்வு இல்லாதவர்கள் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. முள்ளோ புண்ணோ இருந்தால் கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும். ஜுலைகா அக்காவைக் கண்ணாடி பிடிக்கச் சொல்.

மேட்டுத் தெரு வீட்டில் பாவு பிணைக்க வேறு ஒருவரை வைத்துவிட்டார்கள். உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் அன்று எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எழுதியதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். காலையில் மாத்திரையை நாக்கில் வைக்கும்போதெல்லாம் நீ என் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அது எங்கே போனது என்று நசீருதீன் பாயிடம் கேட்கவில்லை. இப்போதும் சாப்பிட்டு எழுந்தவுடன் கை தானாக டப்பாவைத் தேடுகிறது.

உன் மகள்,
குழலி


பெண்கள் வார்டு
2-3-1969

கண்ணு குழலி,

இது என் கையெழுத்து. கோழி கிளறியதுபோல் இருக்கும், சிரிக்காதே. எழுதித் தரட்டுமா என்று ஜுலைகா கேட்டாள். வேண்டாம் என்றேன். விரலில் பேனா இருப்பது தெரிகிறது. நுனி மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. பாவு பிணைக்க அந்த நுனிதான் வேண்டும். வரும் என்கிறார் டாக்டர். வராமலும் போகலாம் என்கிறார். கால் கணுக்கால் வரை தெரிகிறது, அதற்குக் கீழே இல்லை. வார் வைத்த செருப்பு நிற்கிறது. நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடியும் பார்க்கிறேன்.

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. அந்தக் கடிதத்துக்கு இன்னொருத்தி கையால் பதில் எழுதப் பிடிக்கவில்லை. என் கை வரட்டும் என்று இருந்தேன். இவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது.

பங்குனியில் விடுவார்கள். கதவு நிலையில் கோட்டை நான் போடுகிறேன். கரியை எடுத்து வை.

இன்று காலையில் முட்டை கொடுத்தார்கள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஓரமாக வைத்தேன். யாருக்கு என்று நினைக்காமலே கை வைத்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்து அதையும் நானே தின்றேன். யாராவது பார்க்கிறார்களா என்று வெட்கமாக இருந்தது.

உன் அம்மா,
தில்லை