வசந்தா தாமதமாகச் சிரித்த படம்

ஐப்பசி 4, செவ்வாய். புத்தூர்.

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மீனாட்சியிடமிருந்து கார்டு. திருப்பதியில் சிரிப்புப் படமாம். வாலிபத்தில் போட்ட ஆட்டத்தைப் பேரப்பிள்ளைகளிடம் மறைக்கப் பாடுபடும் மூன்று கிழவர்கள். ‘நம்ம கதைதான்டி. ஞாயிறு மூணு பேரும் போவோம். வசந்தாவும் வரேன்னு எழுதிட்டா.’

வசந்தாவா! சித்தூர் டீச்சர் டிரெயினிங் ஹாஸ்டலில் மூவரும் ஒரே அறை. சுவர் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்த கூட்டம். இரண்டு வருடமாக அவளிடமிருந்து பேச்சு மூச்சில்லை. மீனாட்சி மகள் கல்யாணத்தில் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனாள். மீனாட்சிக்கு அது இன்னும் ஆறவில்லை. இருந்தும் அவளேதான் அழைத்திருக்கிறாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “போயிட்டு வா. சுவர் மட்டும் ஏறாதே.”

ஐப்பசி 9, ஞாயிறு.

ரயிலில் ஜன்னலோரம் மீனாட்சி. அவளுடைய திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய், என் புத்தூர் ஆந்திராவிலேயே தங்கிய பிறகு முதல் சந்திப்பு.

“இன்னாடி ஆந்திராக்காரி! அப்படியேதான் கீறே.”

“நீ மட்டும் ஒரே நாள்ல மெட்ராஸ்காரி ஆயிட்டியா?”

ரேணிகுண்டா வரை சிரிப்பு. அப்புறம் அவள் முகம் சுருங்கியது. “இன்னிக்கும் அவ மூஞ்சியத் திருப்பிக்கினா, நான் அப்படியே திரும்பிடுவேன் கமலா.”

கொட்டகை வாசலில் வசந்தா. நிறைய நரை. எங்கள் கைகளைப் பிடித்தவள் விடவே இல்லை. பேச்சுதான் குறைவு.

நல்ல படம். ஒட்டுமீசை பாயசத்தில் விழுந்தபோது கொட்டகையே அதிர்ந்தது. வசந்தாவும் சிரித்தாள். ஆனால் வசனத்துக்கு எல்லோரும் சிரித்தால், அவள் மட்டும் சற்றுப் பிந்தி. கவனித்தேன். கண் திரையில் இல்லை, எங்கள் முகத்தில். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிக்கிறாள்.

அவள் திரைப் பக்கம் திரும்பிய நேரம் காதருகே “வசந்தா” என்றேன். அசைவில்லை. மீனாட்சியும் கூப்பிட்டாள், உரக்க. பேச்சை நிறுத்தச் சொல்லிப் பின்வரிசைக்காரர் தெலுங்கில் அதட்டினார்: “மாட்லாடகண்டம்மா!” அதற்கும் வசந்தா திரும்பவில்லை.

சுற்றிலும் ஒரே சிரிப்பு. மீனாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

படம் விட்டதும் வெளியே வேப்பமரத்தடி. மீனாட்சி அவள் முகத்துக்கு நேரே நின்று, வாயைப் பெரிதாக அசைத்து: “ஏன்டி சொல்லல?”

“விஷக்காய்ச்சல்ல காது போச்சு. அதோட வேலையும் போச்சு. நீங்க ரெண்டு பேரும் பாவம் பார்த்தா என்னால தாங்க முடியாதுடி.”

“பாவமா? ரெண்டு வருஷமா உன்னத் திட்டிக்கினு கீறேன்!”

வசந்தா சிரித்தாள். இந்த முறை உடனே.

அப்புறம் மீனாட்சி முழுப் படத்தையும் நடித்துக் காட்டினாள். மூன்று கிழவர்களும் அவளே. படத்தில் வரும் சம்பந்தியம்மாள் நான். வேர்க்கடலைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரயில் போய்விட்டது. பஸ்ஸில் வந்தேன்.

ஐப்பசி 11, செவ்வாய்.

தொண்டை கட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குக் குஷி.

“கண்ணாடி முன்னாடி இன்னா பண்றே?” வீட்டுக்காரர்.

“வாயைத் தெளிவா அசைச்சுப் பேசிப் பழகறேன்.”

அடுத்த மாத ஏற்பாடு முடிவு. நானும் மீனாட்சியும் பகல் ஆட்டம் பார்த்து வசனத்தைப் பாடம் செய்வது. மரத்தடியில் வசந்தாவுக்கு நடித்துக் காட்டுவது. பிறகு மாலை ஆட்டத்துக்கு மூவரும் உள்ளே. கதாநாயகன் வேஷம் தனக்குத்தான் என்கிறாள் மீனாட்சி. விட்டுத்தர மாட்டேன்.