ஜாக்கியில் எடுத்த அளவு

காலையில் உன் மனைவி கன்னியம்மா ஷெட்டுக்கு வந்து ஒரு கோணிப் பொட்டலத்தை என் வேலைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள். வெயிலில் சுமந்து வந்ததில் கோணி சுட்டது. முடிச்சைத் தளர்த்தும்போதே வாசனை வந்துவிட்டது. பைபர் ஒட்டும் ரெசின் பசையின் வாசனை. எத்தனை வருடமானாலும் வெயில் பட்டால் பைபரிலிருந்து அது லேசாகக் கிளம்பும் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் அதை நம்பியதில்லை. உள்ளே பச்சை வளைவு ஒன்று தெரிந்ததும் கோணியை மறுபடி மூடிவிட்டேன்.

உன் வண்டி, அந்தப் பழைய பச்சைக் கார், இப்போது என் ஷெட்டில்தான் ஜாக்கியில் நிற்கிறது. போன வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி உரசி, வலது பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் புருவப் பட்டையைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. ஓட்டியவன் உன் மச்சான். அவன்மேல் தப்பில்லை, ஒதுங்க இடமே இருந்திருக்காது. தை பிறந்தால் கல்யாணச் சவாரிகள் வரிசை கட்டும், அதற்குள் வண்டி தயாராக வேண்டும். "பரண்ல ஒரு ஜதை சும்மா கீதுண்ணே. புதுசு எதுக்கு? இத்தயே மாட்டிடு. சாய்ந்தரம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் உன் மனைவி.

அந்த ஜதையை மாட்ட முடியாது. ஏன் முடியாது என்று அவளிடம் சொல்ல வேண்டுமென்றால், உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யை வெளியே எடுக்க வேண்டும். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்வதுதான் முறை. நீ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாய், வாரத்துக்கு நாலு நாள் இந்தப் பலகைமேல் உட்கார்ந்து டீ குடித்தாய். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நீ அந்த வண்டியை யானைக்கவுனி கிடங்கிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த நாள் ஞாபகம் வருகிறது. உனக்கும் எனக்கும் அப்போது முப்பத்தைந்து வயது, வண்டிக்கு நம்மைவிட இரண்டு வயது அதிகம். முன்பக்கம் பார்த்தால் ராஜா. பின்பக்கம் போய்ப் பார்த்தால், கிடங்குக் கூரை ஒழுகி ஒழுகி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் மேலே இருந்த தகடு அப்பளமாய் நொறுங்கியது. நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "மாமு, இத்த வுட்டா எனக்கு வேற வழி இல்ல" என்றாய்.

அது உண்மை. காசிமேட்டில் கட்டுமரங்கள் போய் பைபர் படகுகள் வந்த நாளிலிருந்து உன் கைக்கு ஓய்வில்லை. மேட்டு என்று நீ சொல்கிற கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினைத் தடவி, உடைந்த படகுகளை ஒட்டி ஒட்டியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டாய். பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி அந்த வாசனை இருக்கும் இடத்தில் நிற்கக்கூடாது என்று. கடலுக்குப் போகவும் மூச்சு இடம் கொடுக்கவில்லை. பழைய காரைச் சரிசெய்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று நீ கண்டுபிடித்த வழிதான் அந்தப் பச்சை வண்டி.

துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டேன். சக்கரத்துக்கு மேலே பெரிய ஓட்டை விழுந்தது. அதை மூடினால் போதாது, பார்வையாகவும் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வண்டி என்றால் அகல டயர் வேண்டும் என்று வேறு நீ அடம்பிடித்தாய், அது தகட்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதனால்தான் சக்கரத்துக்கு மேலே வெளிப்பக்கம் வளைந்து நிற்கும் அந்தப் பட்டைகளைப் பொருத்த முடிவு செய்தோம். அதற்குப் புருவம் என்று பெயர் வைத்தவர்கள் உங்கள் தெருப் பெண்கள்.

நான் இரும்புத் தகட்டில் தட்டித் தருகிறேன் என்றேன். நீ கேட்கவில்லை. "இரும்பு வெச்சா ரெண்டே வருஷத்துல உப்புக் காத்து துன்னுடும். பைபர்ல போட்டா உன் காலத்துக்கும் என் காலத்துக்கும் கெடக்கும். ஒரே ஒரு தபா, மாமு. அதோட ரெசினுக்கு முழுக்கு." கன்னியம்மா சண்டை போட்டாள். ஒரே ஒரு தடவை என்று நானும் அவளிடம் உனக்காகப் பேசினேன்.

அளவு எடுத்தவன் நான். அதில் எனக்கு எப்போதும் கர்வம் உண்டு. தண்டையார்பேட்டையில் கண்ணால் பார்த்தே நூல் பிசகாமல் அளவு சொல்கிற டிங்கர் என்று எனக்குப் பெயர். நீ புருவத்தின் அடியைச் சுற்றிலும் அடைத்துவிடலாம் என்றபோது, "படகுக்காரன் புத்தி போவலியே, உள்ள பூந்த தண்ணி வெளிய போவ வழி வேணாமா?" என்று நாள் முழுக்க உன்னை ஓட்டினேன். கேலி பேசிக்கொண்டே அட்டையை வெட்டி, டயருக்கு மேல் நாலு விரற்கடை விட்டு, கோடு போட்டுக் கொடுத்தேன். வண்டி அப்போது ஜாக்கியில் நின்றது. சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைத் தரையில் இறக்கி ஆள் ஏற்றினால் உடம்பு கீழே இறங்கும், சக்கரம் அந்த அளவுக்கு மேலே ஏறும். இது எந்த டிங்கருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். பேச்சு சுவாரசியத்தில் மறந்தேன்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. முதல் கல்யாணச் சவாரிக்கு ஆறு நாள் இருக்கும்போது, கன்னியம்மாவையும் அவள் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு பெரியபாளையம் கிளம்பினாய். ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும் டயர் புருவத்தில் உரசி, ரப்பர் கருகி, புகை வந்துவிட்டது. கோயிலுக்குப் போகாமல் நேராக ஷெட்டுக்கு வந்தீர்கள். முதல் பயணத்திலேயே இப்படி ஆகிவிட்டதே என்று கன்னியம்மா கண் கலங்கி நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். பார்த்த நொடியில் என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது.

ஐந்து பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து, "மேட்டு ஒரு அடுக்கு அதிகமா வெச்சுட்ட. உள்பக்கம் தடிப்பாயிடுச்சு, அதான் இடிக்குது" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். நீ புருவத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாய். பிறகு, "அப்டியா? சரி வுடு, வேற ஜதை போட்டுக்கலாம்" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் அளவு எடுக்க நான் வந்தபோது வண்டியை உங்கள் வீட்டு வாசலில் தரையில் நிறுத்தியிருந்தாய். மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு வந்த பெண்களைத் தெருவிலேயே மறித்து, "குந்துங்க, கொஞ்ச நேரந்தான்" என்று வண்டிக்குள் ஏற்றினாய். பின்னால் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். "ஊர்கோலம் இட்டுனு போவன்னு பாத்தா, வூட்டாண்டயே குந்த வெச்சுட்டியேடா" என்று ஒரு அம்மா புலம்ப, தெருவே சிரித்தது. நீ என் பக்கம் திரும்பி, "படகைக் கரைல வெச்சி அளந்தா இன்னா தெரியும், மாமு? தண்ணில எறக்கி ஆளுங்கள ஏத்தினாத்தான எவ்ளோ முழுவுதுன்னு தெரியும்" என்றாய். தெரியாதவன்போல, "அட, வண்டிக்கும் அப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்தேன். நல்லவேளை, இவனே தற்செயலாக வழி காட்டிவிட்டான், தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு இரண்டு நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி ரெசினில் நின்றாய். இரண்டாம் நாள் இருமல் நிற்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் உனக்குப் பதில் வேறு ஆளை வைத்தாவது செய்திருப்பேன். என் தப்பு என்று ஆகிவிட்டால் செலவும் வேலையும் என் தலையில்தானே வந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

திருவொற்றியூரில் அந்த முதல் கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாய். மாப்பிள்ளையோடு ஆறு பேர், எங்கேயும் உரசவில்லை. மேளத்துக்குப் பின்னால் நான் நடந்தே வந்தேன், கண் முழுக்கப் பின்சக்கரத்தின்மேல் இருந்தது. நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய்.

மூன்று வருடம் கழித்து உன் நெஞ்சு ஒரேயடியாகக் கையை விரித்தபோது, அந்த இரண்டு நாளால்தானா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். பத்து வருடப் பழக்கம், இரண்டு நாளால் ஒன்றும் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு மனது ஒப்பவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஒப்பவில்லை.

மேலே இருப்பதெல்லாம் மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

எழுதி முடித்துவிட்டுக் கோணியை முழுக்கப் பிரித்தேன். இரண்டு புருவங்களும் பழுதில்லாமல் இருந்தன, ஓரத்தில் டயர் கருக்கிய தடம் மட்டும். வலதுபக்கத்தைத் திருப்பினேன். உள்பக்கம் உன் கையெழுத்து. படகு அச்சுகளில் எந்தப் படகு, எத்தனை அடி என்று எழுதிவைப்பாயே, அதே கட்டைப் பேனா எழுத்து.

'பழசு. மாட்டக்கூடாது. ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு.'

விரலால் தடவிப் பார்த்தேன், எழுத்து விரலுக்குத் தட்டுப்படவில்லை. அழியாமல் இருக்க எழுத்தின்மேல் ஒரு பூச்சு ரெசின் விட்டிருக்கிறாய். அந்த வாரத்துக்குப் பிறகு நீ ரெசினைத் தொட்டதே கிடையாது. அப்படியானால் அந்த வாரமே உனக்குத் தெரியும். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். பத்து வருடம் பைபர் போட்டவனுக்குத் தடிப்பு எவ்வளவு என்று தெரியாதா? தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண்களை ஏற்றினாய். தெரிந்துகொண்டுதான் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா வந்தாள். "இன்னாண்ணே, இன்னும் மாட்டலியா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்துவிட்டு, "அதுல இன்னா எழுதிகீறாரு?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"யாரு எட்த்த அளவு அது?"

"நான் எடுத்ததும்மா" என்றேன். "அன்னிக்கு தடிப்பா போட்டுட்டான்னு அவன்மேல பழிய போட்டேன். தப்பு என்னுது. என்னாலதான் மறுபடியும் ரெண்டு நாள் அதுல நின்னான்."

அவள் கோணியை எடுத்து உதறி, நாலாக மடித்தாள். "மாமு கண்ல படாம மேல போட்டு வை, பாத்தா மனசு நொந்து பேஜாராயிடுவான்னு சொன்னாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன், சொல்லல. இத்தினி வருசம் ஆச்சேன்னு நானா எட்த்துனு வந்துட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவளே போய் உன் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். "ஜாக்கிய எறக்குண்ணே. நான் குந்திக்கிறேன், நீ அளவு எடு" என்றாள்.

இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டு, உடம்பு மெல்ல அமிழ்ந்தது. ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் போதாது. தெருவுக்கு வந்தேன். டீக்கடை வாசலில் நின்ற மூன்று பேரைக் கைதட்டிக் கூப்பிட்டு, வண்டியைக் காட்டி, "குந்துங்க, கொஞ்ச நேரந்தான்" என்றேன்.